மூக்கில்லாத பழைய ஃபோர் வீல் டிரக் வாங்கப் போறீங்களா, எஞ்சினை விடுங்க, கேபினைப் பாருங்க

முன்னாடி பானெட்டே இல்லாம, முகம் தட்டையா, டிரைவர் முன் சக்கரத்து மேலயே ஏறி உக்காந்து ஓட்டுற மாதிரி ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக் இருக்குமே, அதைத்தான் ஃபார்வர்ட் கன்ட்ரோல்னு சொல்வாங்க, சுருக்கமா எஃப்சி. ஒரு தடவை நேர்ல பாத்துட்டா மண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கும், அப்புறம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு விக்கிற விளம்பரமா தேடிட்டு இருப்பீங்க. நான் அப்படி மாட்டின ஆளுதான். என்கிட்ட இருக்கறது வில்லிஸ் ஜீப் எஃப்சி-150, அதை வெச்சுதான் நிறைய சொல்லப் போறேன், மத்த எஃப்சி வண்டிகளுக்கும் இதுல பாதிக்கு மேல அப்படியே பொருந்தும்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். பாக்கப் போன அன்னைக்கு விக்கிறவர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், உடனே பிடிச்சு தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு, நான் அங்கேயே கவுந்துட்டேன். பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு, அதைப் பாத்துட்டு கேபின் நல்லாருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குக் கொண்டு வந்து கால் வைக்கிற இடத்து ரப்பர் மேட்டைத் தூக்குனா கீழ தரையே இல்ல, ஒரு அலுமினியத் தகட்டை ரிவெட் அடிச்சு மேல தாரை அப்பி வெச்சிருந்தாங்க, ஓரத்துல ஸ்க்ரூடிரைவரை வெச்சு லேசா அழுத்தினேன், அது கையை விட்டு நழுவி நேரா கீழ மண்ல போய் விழுந்துச்சு. அந்த நல்லா ஓடின எஞ்சினும் ஆறு மாசத்துல கழட்ட வேண்டி வந்தது வேற விஷயம், ஆனா அது மூணே வாரத்து வேலை. கேபினுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஏன் அப்படின்னா, எஃப்சி-150ங்கிறது அடிப்படைல சிஜே-5 ஜீப்தான். அதே 81 இன்ச் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்), அதே 134 கன இன்ச் ஹரிக்கேன் நாலு சிலிண்டர் எஞ்சின், அதே டி-90 மூணு கியர் பாக்ஸ், எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிச்சுக் கொடுக்கற அதே டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ். லட்சக்கணக்கான ஜீப்புல ஓடுன சாமான், அதனால பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கட், ஆயில் சீல் எல்லாம் இன்னைக்கும் புதுசாவே கிடைக்குது. ஆனா கேபின்? அது இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். 1956 கடைசில அறிமுகமாகி 1965 வரைக்கும் அமெரிக்கால மொத்தமா முப்பதாயிரம் பக்கம்தான் செஞ்சாங்க, அதுலயும் பாதி பண்ணைலயும் சுரங்கத்துலயும் உழைச்சே செத்துப் போச்சு. கதவு, வளைஞ்ச முன் கண்ணாடி, கண்ணாடியைச் சுத்தி இருக்கற ரப்பர், டாஷ்போர்டு, கேபின் பின் மூலையில வர்ற சின்னக் கண்ணாடி, இதெல்லாம் கடைல போய் கேட்டா கிடைக்கிற சாமான் கிடையாது. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையுறதுன்னு சொல்வாங்கல்ல, இதுல அங்குசம்னா கதவுக் கைப்பிடிதான்.

அதனால என் கணக்கு ரொம்ப சிம்பிள். எஞ்சின் ஓடாத, ஆனா கேபின் முழுசா, கண்ணாடி உடையாம இருக்கற வண்டியும், எஞ்சின் ஜம்முனு ஓடி கேபின் அழுகிப் போன வண்டியும் ஒரே விலைக்கு நின்னா, கண்ணை மூடிட்டு ஓடாததை வாங்குங்க.

எந்த மாடல்னு கொஞ்சம் பேசிடலாம். எஃப்சி-170 இதோட அண்ணன், 103.5 இன்ச் வீல்பேஸ், 226 கன இன்ச் ஆறு சிலிண்டர், லோடுக்கு நல்லது, பின்னாடி ரெட்டை டயர் போட்டதும் உண்டு. 150ல ஆரம்ப வண்டிங்க ரெண்டு பக்க சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி கம்மி, 48 இன்ச்தான், பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு கால் ரெண்டையும் ஒட்டி நிக்கிற மாதிரி இருக்கும், 1958ல அதை 57 இன்ச்சா அகலப்படுத்தினாங்க. ஓட்டறதுக்குன்னு வாங்கினா அகலமானதைத் தேடுங்க, வளைவுல வித்தியாசம் நல்லாவே தெரியும். இந்தியால மஹிந்திராவும் லைசென்ஸ்ல எஃப்சி தயாரிச்சாங்க, சாமான் தேடும்போது அந்தப் பேரும் அடிபடும், பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு பாடி பார்ட்ஸை ஆர்டர் பண்ணிடாதீங்க, அளவெடுத்துட்டு வாங்குங்க.

ஜீப் வேணாம்னா லேண்ட் ரோவர் 101 இருக்கு, 1970கள்ல பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செஞ்சது, 3.5 லிட்டர் வி8, எப்பவுமே நாலு சக்கரமும் இழுக்கும், ஓட்ட ரொம்ப ஜாலி, பெட்ரோல் குடிக்கிறதைப் பாத்தா அழுகை வரும். வோல்வோ சி303 பக்கம் போனா போர்ட்டல் ஆக்சில், அதாவது ஆக்சில் சக்கரத்து மையத்துக்கு மேல உக்காந்திருக்கும், அடில அவ்ளோ இடம் கிடைக்கும், ஆனா ஒவ்வொரு சக்கரத்துலயும் தனியா ஒரு கியர் பெட்டி, தனி ஆயில், தனி சீல். சோவியத் காஸ்-66ல கேபினையே முன்னாடி கவுத்து எஞ்சின் வேலை பாக்கலாம், பெரிய வண்டி, நிறுத்த இடம் இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க. முன்னாள் ராணுவ வண்டி எதுன்னாலும் 24 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு கேட்டுட்டு அப்புறம் பல்பு வாங்குங்க.

சரி, பாக்கப் போறீங்க. கையில ஒரு காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், படுக்க ஒரு சாக்கு. காந்தத்தை கேபின் கீழ் ஓரம், கதவோட அடிப்பக்கம், படிக்கட்டு, சக்கரத்து மேல் வளைவு, முன் கண்ணாடியோட கீழ் ஓரம்னு வரிசையா வெச்சுட்டே வாங்க. ஜீப்புல ஒட்டலைன்னா அங்க தகரம் இல்ல, பட்டி போட்டுப் பூசி மெழுகியிருக்காங்கன்னு அர்த்தம். கண்ணாடி ரப்பர் ஓரத்துல தண்ணி தேங்கித்தான் இந்த வண்டியோட முகமே அழுகும், அந்த இடத்துல பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தா உள்ள நிலைமை மோசம். மேட்டைத் தூக்கச் சொல்லுங்க, தூக்க விடலைன்னா வந்த வழியே கிளம்பிடுங்க. அப்புறம் கீழ படுத்து கேபின் சேசிஸ்ல உக்கார்ற இடங்களைப் பாருங்க, ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம் சேசிஸ்ல விரிசல் இருக்கா, யாராவது குறுக்க பட்டை வெச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. சேசிஸ்ல ஒரு வெல்டிங் இருக்கறதால தப்பில்ல, கோணலா இருந்தாதான் தப்பு, பின்னாடி பத்தடி தள்ளி நின்னு ஒரு கண்ணை மூடிப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

முன் ஆக்சில்தான் அடுத்தது. இந்தக் கால வண்டிகள்ல ஸ்டியரிங் திரும்பற இடத்துல பந்து மாதிரி ஒரு மூடின உருண்டை இருக்கும், நக்கிள்னு சொல்வாங்க, உள்ள கிரீஸ் நிரப்பியிருக்கும், வெளிய ஒரு சீல் அதைத் துடைச்சுட்டே போகும். வருஷக் கணக்கா நிறுத்தி வெச்ச வண்டில அந்த உருண்டை துருப்பிடிச்சு அம்மைத் தழும்பு மாதிரி ஆயிருக்கும், அதுக்கு மேல எத்தனை புது சீல் போட்டாலும் ஒரு மாசத்துல கிழிஞ்சு ஒழுகும். முன் பக்கத்தை ஜாக்கில தூக்கி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பக்கத்துல இருக்கறவரை பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், ஈசியா சரி பண்ணிடலாம். நிக்கலைன்னா கிங் பின், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது நக்கிள் சுத்தித் திரும்பற முளை. அதை விட்டுட்டு ஓட்டினா ஒரு குழில ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் ரெண்டு கையையும் உதறித் தள்ளுற மாதிரி ஆட ஆரம்பிக்கும், வண்டியை முழுசா நிறுத்தற வரைக்கும் நிக்காது, எனக்கு ஒரு தடவை நடந்துச்சு, அன்னைக்கு இறங்கி அஞ்சு நிமிஷம் சும்மா நின்னுட்டு இருந்தேன்.

எஞ்சின் கேபினுக்குள்ள, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, ஒரு பெட்டிக்குள்ள இருக்கும். ஹரிக்கேன்ல ஒரு விசேஷம், இன்டேக் வால்வு ஹெட்ல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்ல இருக்கும், எஃப்-ஹெட்னு பேரு, அதனால ராக்கர் கவரை மட்டும் கழட்டி வால்வு எல்லாம் பாத்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க, எக்ஸாஸ்ட் வால்வை செட் பண்ண பக்கவாட்டுல இருக்கற மூடியைத் திறக்கணும். கம்ப்ரஷன் கேஜ் வெச்சு நாலு சிலிண்டரையும் பாருங்க, எண் எவ்வளவுங்கறதை விட நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கிட்ட இருக்காங்கறதுதான் முக்கியம். 170ல இருக்கற ஆறு சிலிண்டர்ல எல்லா வால்வும் பிளாக்லதான், எக்ஸாஸ்ட் சூடு பிளாக் வழியாவே வெளிய போகும், அந்தச் சூடு மொத்தமும் ரேடியேட்டர் தலைலதான் விழும், அதனால தண்ணிப் பாதை அடைச்சிருந்தா சீக்கிரம் கொதிக்கும். அரை மணி நேரமாவது சூடாக விட்டுட்டுப் பாருங்க, விக்கிறவர் பத்து நிமிஷத்துல ஆஃப் பண்றார்னா ஏன்னு யோசிங்க.

எஞ்சின் உள்ள இருக்கறதால ஒரு சுகமும் இருக்கு, ஒரு பயமும் இருக்கு. சுகம் என்னன்னா, கொட்டற மழைல நடுவழில நின்னா கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்து பெட்டியைத் திறந்து இக்னிஷன் பாயின்டைத் தேச்சு, பிளக்கை மாத்தி, கார்புரேட்டர் ஜெட்டை ஊதி எல்லாம் பண்ணலாம், நான் பண்ணியிருக்கேன், வெளிய இடி இடிக்குது, நான் உலர்ந்த சட்டையோட ஸ்பேனர் பிடிச்சுட்டு இருந்தேன். பயம் என்னன்னா பெட்ரோல் ஒழுகினாலும் உள்ளதான், எக்ஸாஸ்ட் ஒழுகினாலும் உள்ளதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போயி அந்தப் பெட்டியோட ரப்பர் பீடிங்கும் இல்லைன்னா கார்பன் மோனாக்சைடு நேரா உங்க மூக்குக்குத்தான் வரும், அதுக்கு வாசனையும் கிடையாது, தலை வலிக்குதேன்னு நினைச்சுட்டே ஓட்டுவீங்க. வாங்கின முதல் வாரத்துலயே பெட்ரோல் ஹோஸ் மொத்தத்தையும் எத்தனால் தாங்கற ரகமா மாத்துங்க, பம்ப் டயஃப்ரத்தையும் சேத்து, பழைய ரப்பரை எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற வெச்சு விரிசல் விட வெச்சிடும். பெட்டியைச் சுத்தி புது பீடிங் போடுங்க, சீட்டுக்குப் பக்கத்துல கைக்கு எட்டற மாதிரி ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டுங்க. இது மூணும் முடியற வரைக்கும் பெயின்ட் கலர் பத்தி பேசவே வேணாம்.

பிரேக். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. நாலு சக்கரமும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணு, அதுல இருந்து போற லைனும் ஒரே சர்க்யூட். எங்கயாவது ஒரு வீல் சிலிண்டர், ஒரே ஒரு ஹோஸ் போச்சுன்னா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. எனக்கு ஒரு இறக்கத்துல பெடல் அப்படியே தரைக்குப் போச்சு, நல்ல வேளை ரெண்டாவது கியர்ல வந்துட்டு இருந்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். அந்த ஹேண்ட் பிரேக் ஆயில்ல ஓடறது இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால பின் ஷாஃப்ட்ல ஒரு தனி டிரம்மைப் பிடிக்கும், அதனாலதான் அன்னைக்குப் பொழைச்சேன். ஆனா ஓடற வண்டில அதைப் படக்குனு இழுத்தா யூனிவர்சல் ஜாயின்ட் முறியலாம், அவசரத்துக்கு மட்டும். இன்னொண்ணு ரொம்ப பேருக்குத் தெரியாது, அந்த பிரேக் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்குது, சக்கரத்தை இல்ல, அதனால ஒரு பக்கப் பின் சக்கரத்தை ஜாக்கில தூக்கினீங்கன்னா ரெண்டு பக்க சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் வழியா தூக்கின சக்கரம் சும்மா சுத்தும், தரைல இருக்கற சக்கரமும் உருள ஆரம்பிக்கும், வண்டி ஜாக்கை விட்டு நகர்ந்துடும். எப்பவும் கட்டை வெச்சுட்டுத்தான் தூக்கணும். நின்னு கிடந்த வண்டின்னா ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே புதுசு, யோசிக்கவே வேணாம். முடிஞ்சா ரெட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரா மாத்துங்க, ஒரிஜினல் கெட்டுப் போச்சுன்னு எவனாவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

டெஸ்ட் டிரைவ்ல கியர் லீவரைக் கவனிங்க. நீங்க முன்னாடி உக்காந்திருக்கீங்க, கியர்பாக்ஸ் உங்களுக்குப் பின்னாடி இருக்கு, நடுவுல ராடும் புஷ்ஷும்தான் பேச்சுவார்த்தை நடத்துது. அதெல்லாம் தேய்ஞ்சு போச்சுன்னா கஞ்சிப் பானைல கரண்டி விட்ட மாதிரி இருக்கும், சில சமயம் ரெண்டு கியருக்கு நடுவுல மாட்டிக்கும். இதைப் பாத்து கியர்பாக்ஸே போச்சுன்னு பயந்து ஓடவும் வேணாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். செகண்ட் கியர்ல போட்டு ஆக்சிலரேட்டரை விட்டா லீவர் தானா வெளிய குதிக்குதா, அது மட்டும் நிஜமான கியர்பாக்ஸ் வேலை. டானா 18 கொஞ்சம் ஒழுகும், முனகும், அது அதோட சுபாவம். ஆனா கியர்பாக்ஸ்ல இருக்கற ஆயில் நடு சீல் வழியா டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள இறங்கிடும், ஒண்ணு வழியுது ஒண்ணு காயுது, அதனால ரெண்டோட மட்டத்தையும் தனித்தனியா பாத்துட்டே இருக்கணும். ஆயில் ஊத்தும்போது ஜிஎல்-4 ரக கியர் ஆயிலா ஊத்துங்க, ஜிஎல்-5ல இருக்கற கந்தகச் சேர்மானம் கியர் மாத்தும்போது உரசாம சேர வைக்கிற பித்தளை சின்க்ரோ வளையத்தைத் தின்னக்கூடும்.

ஃபோர் வீலைப் போட்டுப் பாக்கணும்னா மண் தரைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜீப் எஃப்சில நடு டிஃபரன்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் பூட்டின மாதிரிதான் சுத்தும், காஞ்ச தார் ரோட்டுல போட்டு வளைச்சா முறுக்கு ஏறி லீவரே வெளிய வராது. மாட்டிக்கிச்சுன்னா சுத்தியல் எடுக்காதீங்க, ரெண்டடி ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு அவிழ்ந்து தானா வந்துடும்.

பேப்பர் விஷயம், சேசிஸ்ல இருக்கற நம்பரும் பதிவுல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு நீங்களே துடைச்சுப் பாருங்க, ஃபோட்டோவை நம்பாதீங்க. இல்லைன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் விட்டுடுங்க. வாங்கினதும் ஓட்டிட்டு வரலாம்னு ஆசைப்படாதீங்க, லாரி மேல ஏத்திட்டு வாங்க, ஏத்தினதும் மொத்த உயரம் அதிகமாகும், வழில இருக்கற பாலத்தை யோசிச்சுக்கங்க, பம்பர்ல கட்டாம ஆக்சில்ல கட்டுங்க.

ஓட்டறது எப்படின்னா, முதல் ஒரு வாரம் எல்லா வளைவுலயும் சீக்கிரமே திருப்பிடுவீங்க. மூக்கு இருக்கற வண்டி ஓட்டின கை, முன் சக்கரம் எங்கயோ முன்னாடி இருக்குன்னே நினைக்கும், இதுல அது உங்களுக்குக் கீழயே இருக்கு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பணும். குழில இறங்கினா சீட்டோட சேந்து நீங்களும் இறங்குவீங்க. எடை மொத்தமும் முன்னாடி, பின் தொட்டி காலியா இருந்தா திடீர் பிரேக்ல பின் சக்கரம் லேசாகி லாக் ஆகி வண்டி வாலை வீசும், எஃப்சி-150ல இதுக்காகவே பின்னால சேசிஸ்ல ஒரு கனமான இரும்பைக் கட்டி விட்டிருந்தாங்க, பல பேர் அது எதுக்குன்னு தெரியாம கழட்டிப் போட்டுட்டாங்க. உங்க வண்டில அது இல்லைன்னா மழைல ஓட்டும்போது பின்னாடி நாலு மணல் மூட்டை போட்டுக்கங்க, நகராம கட்டிட்டு. வேகத்தை மறந்துடுங்க, 150ல ஆக்சில் ரேஷியோ 5.38, எண்பதுல போனா எஞ்சின் மூவாயிரத்துக்கு மேல கத்திட்டு இருக்கும், அதுவும் உங்க முழங்காலுக்குப் பக்கத்துல. அறுபத்தஞ்சு எழுபதுல போனா அதுவும் சந்தோஷமா இருக்கும் நீங்களும் பேசிட்டு வரலாம். இல்ல வேகமா போயே ஆகணும்னா டானா 18 பின்னால மாட்டற ஓவர்டிரைவ்னு ஒரு கூடுதல் கியர் பெட்டி இருக்கு, அதே வேகத்துல எஞ்சின் சுத்து கால்வாசி குறையும்.

டயர்ல ஒரே ஒரு எச்சரிக்கை. சில ராணுவ வண்டிலயும் ரெட்டை டயர் வண்டிலயும் லாக் ரிங் வெச்ச பிரிக்கிற ரிம் வரும். காத்தை முழுசா இறக்காம அதோட நட்டைத் தொடவே கூடாது, காத்து அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள்ள வெச்சுத்தான் அடிக்கணும், அந்த வளையம் தெறிச்சா ஆள் தாங்காது. தெரிஞ்ச டயர்காரர்கிட்ட விட்டுடுங்க, அவரே முடியாதுன்னு சொன்னா அவர் மேல கோவப்படாதீங்க.

மத்தபடி பராமரிப்புன்னு பெருசா ஒண்ணுமில்ல. கிரீஸ் நிப்பிள் எத்தனைன்னு எண்ணி எழுதி வெச்சுக்கிட்டு மாசம் ஒரு தடவை கிரீஸ் கன்னோட கீழ படுங்க, பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டு உள்ளயே துருப்பிடிக்க வெச்சிடும், வாரத்துக்கு ஒரு நாளாவது எஞ்சின் நல்லா சூடாகற அளவுக்கு ஓட்டுங்க. நிறுத்தி வெச்ச எஃப்சிதான் சீக்கிரம் கெடும்.

அப்புறம் எங்கயாவது முன் கண்ணாடியோ கதவுக் கண்ணாடியோ கண்ணுல பட்டா, உங்களுக்கு இப்ப தேவையே இல்லைன்னாலும் வாங்கிப் போடுங்க. என்கிட்ட ஒரு ஸ்பேர் முன் கண்ணாடி இருக்கு, ரெண்டு பழைய கம்பளில சுத்தி கட்டிலுக்கு அடில வெச்சிருக்கேன், நாலு வருஷமாச்சு, வீட்ல பெருக்கும்போது எல்லாரும் அதைச் சுத்தியே பெருக்கப் பழகிட்டாங்க.